வெள்ளிக்கிழமை டெமோ நின்றுவிட்டது: அதிகாலை 2 மணிக்கு விழித்தவர்கள் வாருங்கள்

பொங்கோல் சீவல் | சனி, காலை 6.48

தூக்கம் இல்லை. எழுத்து முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மரவேலைக் கருவிக் கம்பெனியின் வாராந்தர நேரலை, ஒரு தச்சர் பெஞ்சில் நின்று செய்து காட்டுவாரே, அது இன்று அதிகாலையோடு முடிந்தது. எந்தக் கம்பெனி என்று இங்கே புழங்குகிறவர்களுக்குத் தெரியும். பேரை எழுதினால் பத்தாவது பதிலுக்குள் ‘எந்த பிராண்டு சிறந்தது’ சண்டை வந்துவிடும், அதனால் எழுதவில்லை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் வெள்ளி மதியம் 2 மணி, சிங்கப்பூரில் நமக்குச் சனி அதிகாலை 2. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிட்டால் 3. காற்பந்து பார்க்க அலாரம் வைக்கிற வீடுகள் உண்டு. பலகை அறுப்பதைப் பார்க்க அலாரம் வைக்கிறவன் எங்கள் புளோக்கிலேயே நான் ஒருவன்தான் என்பாள் என் மனைவி.

கடைசிப் பகுதி ஆயிற்றே, பெரிதாக ஏதாவது செய்வார் என்று நினைத்தேன். தள்ளுமூடி வைத்த ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். கடைசிப் பத்து நிமிடத்தில், அடுத்த வாரம் நிகழ்ச்சி இல்லை, இனிமேலும் இல்லை என்றார். கேமரா பிடிப்பவருக்கு நன்றி சொன்னார். பெஞ்சில் கிடந்த சுருளைக் கையாலேயே ஒதுக்கிக் கூடையில் தள்ளினார். அப்புறம் திரை கறுப்பு.

எனக்கு மறக்காதது டிராயர் செய்த பகுதி. டவ்டெயில் மூட்டுக்கு, அதுதான் புறா வால் மாதிரி விரிந்த பற்கள் கோத்துக்கொள்ளும் மூட்டு, கோடு போட்டு, பேசிக்கொண்டே அறுத்தார். கோட்டுக்குத் தப்பான பக்கம். ரம்பம் பாதி இறங்கிய பிறகுதான் கவனித்தார். ஒன்றும் சொல்லவில்லை. கையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு பலகையையே பார்த்தார். அரை நிமிடம் இருக்கும். நேரலை, வெட்டி எறிய வழி இல்லை. பிறகு அதே பலகையின் கழிவுத் துண்டிலிருந்து தாள் போல ஒரு சீவலை அறுத்தார், நார் ஓட்டம் ஒத்துப்போகும்படி திருப்பிப் பசை தடவி இடைவெளியில் தட்டினார், காய்ந்ததும் உளியால் மட்டமாக்கினார். கேமராவைக் கிட்டே வரச் சொன்னார். எங்கே ஒட்டு என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கு முன்னால் நான் ஏழெட்டு டிராயர் பக்கங்களைக் குப்பைக் குழாயில் போட்டிருக்கிறேன். அந்த அரை நிமிடத்துக்குப் பிறகு ஒன்றுகூடப் போடவில்லை.

யார் யார் பார்த்தீர்கள்?


230 வோல்ட் | சனி, காலை 9.15

பார்த்தேன். வருத்தம் இல்லை, சாரி. அது ஒரு மணி நேர விளம்பரம் லா.

அவர் ஒரு ரவுட்டரை (மரத்தைச் செதுக்கும் மின்கருவி) கையில் எடுத்து ஓக் மரத்தின் ஓரத்தை வெண்ணெய் மாதிரி வழித்தார். எனக்கு அன்று இரவே வேண்டும் போல இருந்தது. அமெரிக்காவிலிருந்து வரவழைத்தேன். அங்கே 120 வோல்ட், இங்கே 230. முஸ்தஃபா கடைப் பக்கம் வாங்கின அடாப்டர் ஒன்று இருந்தது. அது பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் செருகினேன். விமானம் கிளம்புகிற மாதிரி ஒரு கூச்சல், பிறகு வெங்காயம் கருகின வாசனை, பிறகு ஒன்றும் இல்லை. மொத்தம் ஐந்து நொடி. நொடிக்கு எத்தனை வெள்ளி (டாலர்) என்று கணக்குப் போடவில்லை, வீட்டில் கேட்டுவிடுவார்கள்.


உப்புத்தாள் | சனி, காலை 9.31

அண்ணே, தெரிந்தே செருகிவிட்டு நிகழ்ச்சி மேல் என்ன கோபம்?


230 வோல்ட் | சனி, காலை 9.40

செருகினது என் தப்பு. ஆனால் வாங்க வைத்தது யார்? அவர் கையில் எடுத்த எல்லாமே ஒரே நிறம், ஒரே லோகோ. அந்த ஆள் நல்லவர், மறுக்கவில்லை. நல்ல ஆளை வைத்துத்தான் விற்பார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அமெரிக்கக் கருவி வாங்கினால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 1500 வாட் ரவுட்டருக்கு 2000 வாட்டாவது போடுங்கள். அது ஓர் அரிசி மூட்டைக் கனம். டேபிள் சா (மேசை ரம்பம்) மாதிரி இண்டக்‌ஷன் மோட்டார் என்றால் இன்னொரு சிக்கல், அதன் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது, அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. டிரான்ஸ்ஃபார்மர் அதை மாற்றாது. மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும், சூடும் ஏறும். பேசாமல் இங்கேயே 230 வோல்ட் மாடலாக வாங்குங்கள்.


கழுந்து | சனி, காலை 11.02

விளம்பரம் என்றால் எல்லாமே விளம்பரம்தான். தச்சர் நார்ம் ஏப்ரமின் மரவேலை நிகழ்ச்சி ‘நியூ யாங்கீ ஒர்க்‌ஷாப்’ 1989 முதல் 2009 வரை அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 21 சீசன் ஓடியது. அதற்கும் கருவிக் கம்பெனிகள்தான் விளம்பரதாரர்கள். அவர் பட்டறையில் இருந்த மெஷின்களைப் பார்த்து எத்தனை பேர் கடன் வாங்கினார்களோ. இன்னொரு பக்கம் ராய் அண்டர்ஹிலின் மரவேலை நிகழ்ச்சி, 1979இல் தொடங்கி 2017 வரை, மின்சாரமே இல்லாமல், மிதித்து ஓட்டும் கடைசல் இயந்திரம், கோடரி, கைரம்பம். மூச்சு வாங்கிக்கொண்டே செய்வார், விரலில் ரத்தம் வந்தாலும் கேமரா நிற்காது. பொங்கோல் சொன்ன அந்த அரை நிமிடம் இவர் வழியில் வந்தது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்த இரண்டிலும் விளம்பரதாரர் வேறு, வீட்டுக்காரர் வேறு. ஒரு விளம்பரதாரர் போனால் இன்னொருவரைத் தேடலாம். இங்கே ஸ்டுடியோ கம்பெனியுடையது, பெஞ்சும் கம்பெனியுடையது, ஆள் சம்பளக்காரர். வீட்டுக்காரர் சாவியைக் கேட்டால் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.


ஈரப்பதம் | சனி, மதியம் 1.27

என் தொழில் ஏர்கான் டிசைன். ஈரம் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அந்த நிகழ்ச்சியைப் பார்த்து நான் செய்த முதல் பொருள் ஒரு மேசை. வெள்ளை ஓக் டிராயர். அவர் ஒரு தாள் கனம் இடைவெளி விட்டார், நானும் அதே ஒரு தாள். டிசம்பர் மழை வந்தது, டிராயர் உள்ளேயே உட்கார்ந்துவிட்டது. உள்ளே என் பாஸ்போர்ட். மறுநாள் சென்னைக்கு ஃபிளைட். மேசையைக் கவிழ்த்துப் பின்பலகையைக் கழற்றித்தான் எடுத்தேன்.

அவர் பலகையில் ஈரமானியை வைத்தால் 7 சதவீதம் காட்டும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுகிற வீட்டுக்கு அது சரி. சிங்கப்பூரில் காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஆண்டு சராசரியே 80 சதவீதத்துக்கு மேல். சன்னலைத் திறந்துபோட்ட கூடத்தில் மரம் ஈரத்தைக் குடித்து 15, 16 சதவீதத்தில் போய் நிற்கும். ஏசி ஓடுகிற அறையில் 60 சதவீதம் என்று வைத்தால் 11 பக்கம். ஒரே வீட்டில் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் இடையே மேசையை நகர்த்தினாலே அது வேறு மேசை.

மேடிசன் நகரில் 1910இலிருந்து இருக்கும் அமெரிக்க அரசின் மர ஆய்வகம் ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண் போட்டு வைத்திருக்கிறது, ஈரம் 1 சதவீதம் ஏறினால் அகலம் எவ்வளவு ஊதும் என்று. வளையங்களின் போக்கில் வெள்ளை ஓக்குக்கு 0.00365. தேக்குக்கு 0.00186, ஏறக்குறையப் பாதி. 400 மில்லிமீட்டர் அகலப் பலகை 7இலிருந்து 13க்கு ஏறினால் ஓக் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் ஊதும், தேக்கு நாலரை. என் டிராயரின் உயரம் 120. அதற்கே இரண்டரைக்கு மேல் வருகிறது. ஒரு தாள் கனம் எந்த மூலைக்கு?

ஊரில் பாட்டி வீட்டு அலமாரியெல்லாம் தேக்கு என்றால் அது வெறும் பணக்காரத்தனம் இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

இதை ஒரு சனி அதிகாலை நேரலையில் கேள்வியாகப் போட்டேன். படித்தார். சிங்கப்பூரா என்று சிரித்தார். பிறகு, உங்கள் ஊர்க் காற்று எனக்குத் தெரியாது, உங்கள் ஊரிலேயே பழைய டிராயர் ஒன்றைத் திறந்து பாருங்கள், அதைச் செய்தவருக்குத் தெரிந்திருக்கும் என்றார். மாமியார் வீட்டில் ஒரு தேக்கு அலமாரி உண்டு. மூடிய டிராயரின் மேல்விளிம்பில் பஸ், ரயிலுக்கு வைத்திருக்கும் இஸி-லிங்க் அட்டையை விட்டுப் பார்த்தேன். இரண்டு அட்டை சேர்த்து நுழைந்தது.

இப்போது என் அளவு அதுதான். இரண்டு இஸி-லிங்க்.


உப்புத்தாள் | சனி, மதியம் 2.10

ஈரப்பதம் அண்ணே, இதை அலமாரிக் கதவில் ஒட்டி வைக்கப் போகிறேன்.

எனக்கும் ஓர் ஈரக் கதை. அவர் அரக்குச் செதிலை ஆல்கஹாலில் கரைத்துத் துணியால் பூசுவார், கண்ணாடி மாதிரி பளபளக்கும். நான் மழை நாளில் பால்கனியில் பூசினேன். பால் கொட்டின மாதிரி வெளுத்துவிட்டது. ஆல்கஹால் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம். இப்போதெல்லாம் ஏசியை இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பிறகுதான் அரக்குப் புட்டியைத் திறப்பேன்.

230 அண்ணனுக்கு ஒரு பதில் பாக்கி. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்கிட் பிரேக்கர், அதாவது கொரோனா முடக்கம், என்று எல்லோரும் வீட்டுக்குள் கிடந்தோமே, அப்போதுதான் நான் மரவேலை ஆரம்பித்தது. உட்லண்ட்ஸில் நாலறை வீடு, கீழ்வீட்டில் கைக்குழந்தை. மின்கருவியை எடுத்தால் மறுநாள் லிஃப்டில் முகம் பார்க்க முடியாது. நேரலையில், சத்தம் இல்லாமல் எப்படி அறுப்பது என்று கேட்டேன். அடுத்த வாரம் அவர் ஒரு ஜப்பான் ரம்பத்தைக் கொண்டுவந்தார். தள்ளும்போது வெட்டாது, இழுக்கும்போது வெட்டும். அதனால் தகடு மெல்லிசாக இருக்கலாம், அறுப்பும் மெல்லிசு, சத்தம் ஒரு கிசுகிசுப்பு. அந்த ரம்பத்தை அவர் கம்பெனி விற்கவே இல்லை. வேறு யாருடையதோ. லோகோகூட இல்லை.

அதனால்தான் நிறுத்திவிட்டார்களோ என்னவோ.

பழைய பேலட் (சரக்கு அடுக்கும் மரத் தட்டு) மரத்தில்தான் நான் கற்றுக்கொண்டேன், அதையும் சொல்கிறேன். பேலட்டை எடுத்தால் முத்திரையைப் பாருங்கள். HT என்று இருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது. MB என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடாதீர்கள்.

என் கவலை வேறு. இனி அந்தப் பணத்தை அரை நிமிட ரீல் போடுகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். ரீலில் டவ்டெயில் எல்லாம் முதல் தட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறது. பாட்டு வேறு.


230 வோல்ட் | சனி, மதியம் 2.33

ரம்ப விஷயம் எனக்குத் தெரியாது. அன்று நான் தூங்கிவிட்டேன் போல.

சரி, முக்கால் விளம்பரம் என்று மாற்றிக்கொள்கிறேன்.


கழுந்து | சனி, மாலை 5.50

வீடியோக்கள் அப்படியே இருக்கும் என்று சொன்னாரா? இப்போது பார்த்தேன், வீடியோ இருக்கிறது, ஆனால் கீழே கொடுத்திருந்த அளவுப்பட்டியல், வரைபட இணைப்புகளில் பாதி செத்துவிட்டன. யாராவது இறக்கி வைத்திருந்தால் இங்கே போடுங்களேன்.


நெறியாளர் | சனி, மாலை 6.04

கோப்புகளை இங்கே போடாதீர்கள், இணைப்பும் வேண்டாம். அவர்கள் உழைப்பு, அவர்கள் உரிமை. நீங்கள் பார்த்துக் கற்றதை உங்கள் சொற்களில் எழுதுங்கள், அதற்குத் தடை இல்லை.


சைட் கார்பெண்டர் | சனி, இரவு 10.41

வணக்கம் அண்ணே, அக்கா. நான் வெறுமனே படித்துவிட்டுப் போகிறவன். எழுதுவது முதல் தடவை.

இங்கே நான் கார்பெண்டர். ஊரில் இதைச் சொன்னால் கட்டில், பீரோ செய்கிறேன் என்று நினைக்கிறார்கள். நான் செய்வது ஃபார்ம்வொர்க். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை அறுத்து, கட்டைகளை ஆணி அடித்து இணைத்து, தூணுக்கும் பீமுக்கும் அச்சுப்பெட்டி. உள்ளே கம்பி, அப்புறம் கான்கிரீட். இறுகினதும் கடப்பாரையை விட்டு என் பெட்டியைப் பிரித்தெடுத்துவிடுவோம். எட்டு வருசத்தில் நான் செய்த ஒரு பெட்டியும் நிற்கவில்லை. அதற்குள் ஊற்றினதுதான் நிற்கிறது. பொங்கோலில் நிறைய நிற்கிறது, அண்ணே, உங்கள் புளோக்கும் இருக்கலாம்.

அப்பா ஆசாரி. மன்னார்குடி பக்கம். கழுந்து, அதாவது துளையில் செருகும் முளை, வைத்துக் கதவு செய்தால் ஆணியே இருக்காது. எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டார், நான்தான் ஒழுங்காக உட்காரவில்லை. இங்கே டார்மிட்டரிக்கு வந்த பிறகு ஒரு ராத்திரி தூக்கம் வராமல் போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது இந்த நிகழ்ச்சி வந்தது. அவர் இங்கிலீஷ் வேகமாகப் பேசுவார், பாதிதான் புரியும். கை புரிந்தது. இழைப்புளியை அப்பா பிடிக்கிற மாதிரியே ஆட்காட்டி விரலை நீட்டிப் பிடித்தார். படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு, இன்னொரு போனில் அந்த வாரப் பகுதியை ஓடவிட்டுக் காட்டுவேன். அப்பா விடாமல் குறை சொல்வார். “அவன் ஏன் இவ்வளவு பேசுறான்?” “கொட்டாப்புளிய இவ்வளவு உசத்திப் பிடிச்சா உளி எங்க போகும்னு யாருக்குத் தெரியும்?” ஒரு தடவை அவர் பலகையை இழைக்கும்போது பிசிறு எழும்பியது. அப்பா போனுக்குள்ளேயே கத்தினார், “திருப்பிப் போடுறா, எதிர் நாரு!” அடுத்த நொடி அவர் பலகையைத் திருப்பிப் போட்டார். அப்பா, தான் சொன்னதைக் கேட்டுத்தான் திருப்பினார் என்று இன்றுவரை நம்புகிறார்.

எனக்குச் சம்பந்தமில்லாத நாட்டில் ஒரு கம்பெனி ஏதோ நிறுத்துகிறது. ஆனால் இனி ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் எதைப் பற்றிப் பேசுவது என்று தெரியவில்லை. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அவ்வளவில் முடிந்துவிடும்.

உளி சாணை பிடிக்கிற பகுதி ஒன்று உண்டு, அது எனக்கு இங்கிலீஷில் புரியவில்லை. யாராவது தமிழில் எழுதித் தருவீர்களா?


உப்புத்தாள் | சனி, இரவு 10.58

தம்பி, பலகையைத் திருப்பினது அப்பா சொல்லித்தான். நானும் நம்புகிறேன்.


பொங்கோல் சீவல் | சனி, இரவு 11.46

எழுதுகிறேன் தம்பி. அந்தப் பகுதியை மூன்று தடவை பார்த்திருக்கிறேன்.

முதலில் உளியின் முதுகு, அதாவது தட்டையான பக்கம். அதன் முனையருகே ஓர் அங்குலமாவது கல்லில் படிந்து கண்ணாடியாக வேண்டும். முதுகு மட்டமாக இல்லாத உளியை எத்தனை சாணை பிடித்தாலும் கூர் நிற்காது. இது ஒருமுறை செய்கிற வேலை, அலுப்பான வேலை, எல்லோரும் தாண்டிப்போவது இதைத்தான்.

அடுத்து சரிவு. அவர் 25 டிகிரியில் முழுச் சரிவைத் தேய்ப்பார். அப்புறம் உளியை இம்மியளவு தூக்கி 30 டிகிரியில் முனையை மட்டும் ஏழெட்டு இழுப்பு. கூர் அந்த மயிரிழை அகலத்தில்தான் இருக்கிறது. மழுங்கினால் அந்த இழையை மட்டும் தேய்த்தால் போதும், முழுச் சரிவையும் தொட வேண்டாம். 1000 கல்லில் (எண் ஏற ஏறக் கல் நைசாகும்) தேய்த்ததும் முதுகுப் பக்கம் கட்டைவிரலை விளிம்பை நோக்கித் தடவினால் ஒரு பிசிர் தட்டுப்படும். விளிம்போடு ஓட்டாதீர்கள், வெட்டும். அந்தப் பிசிர் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இருந்தால்தான் அடுத்த கல்லுக்குப் போகலாம், இல்லாவிட்டால் எங்கோ ஓரிடம் தேயவில்லை என்று அர்த்தம். 6000 கல்லில் சரிவு சில இழுப்பு, முதுகு சில இழுப்பு, மாறி மாறி. கடைசியில் தோல் பட்டை.

சோதனைக்கு மென்மரத்தின் வெட்டுமுகம், அதாவது நாருக்குக் குறுக்கே அறுத்த முகம். பைன் மரத்தின் வெட்டுமுகத்தை நொறுக்காமல் பளபளவென்று சீவினால் உளி தயார். முன்கை மயிரைச் சிரைத்துக் காட்டுவதெல்லாம் வேடிக்கைக்கு.


பேட்டர்ன் அங்கிள் | ஞாயிறு, காலை 5.20

எனக்கு 74 வயது. கப்பல் பட்டறை வார்ப்பகத்தில் பேட்டர்ன் மேக்கராக இருந்தவன். இரும்பில் வார்க்க வேண்டிய பொருளை முதலில் மரத்தில் செய்வோம். அதை மண்ணில் பதித்து எடுத்தால் வரும் பள்ளத்தில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது சுருங்கும், அதனால் மரம் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். அதற்கென்றே எங்களுக்குத் தனி அடிக்கோல். இரும்புக்கான கோலில் ஓர் அடி என்று போட்டிருப்பது உண்மையில் ஓர் அடியும் எட்டில் ஓர் அங்குலமும். பித்தளைக்கு வேறு கோல். ஒருநாள் அவசரத்தில் கோல் மாறிப்போய், பித்தளையில் வரவேண்டிய ஒரு வளையம் சிறுத்து வந்தது. போர்மேன் அதை இரண்டு வருஷம் என் மேசையில் டீ கிளாஸுக்கு அடியில் வைத்திருந்தார்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு காண்டனீஸ்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் பொதுவாகப் பாசார் மலாய், சந்தையில் பேசும் மலாய். அதிலும் அவர் சொன்னது பெரும்பாலும் ஒரே வார்த்தை, ‘தெங்கொ’. பார். பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் பாடம். என் பேரன் இந்த நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டியபோது அதே மாதிரி இருந்தது, அதனால் நானும் பார்த்தேன். நள்ளிரவில் இல்லை, மறுநாள் காப்பியோடு.

நின்றுபோனதற்கு நான் ரொம்ப அலட்டிக்கொள்ள மாட்டேன். சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடினார்கள். என் இங்கிலாந்து ஷெஃபீல்டு உளிகள் எல்லாம் அங்கே கோணித்துணியில் பரப்பி வைத்தவரிடம் வாங்கியவை, ஒன்று ஐந்து வெள்ளி. அன்றைக்கும் இப்படித்தான் எல்லோரும் வந்து நின்று படம் எடுத்தார்கள். உளிகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

சைட் கார்பெண்டர் தம்பி, உனக்கு லீவு ஞாயிறுதானே. ஞாயிற்றுக்கிழமையில் வீட்டுப் புதுப்பிப்பு வேலைக்கே எச்டிபி (வீடமைப்புக் கழகம்) அனுமதி இல்லை, தட்டிக்கொட்டுகிற வேலை வேண்டாம். சாணைக்குச் சத்தம் கிடையாது. நெறியாளரிடம் என் நம்பர் இருக்கிறது. மழுங்கின உளி எதுவாக இருந்தாலும் எடுத்துக்கொண்டு வா. கல் நான் வைத்திருக்கிறேன்.


230 வோல்ட் | ஞாயிறு, காலை 9.03

அங்கிள், நானும் வரலாமா? என்னிடம் உளி இல்லை. எரிந்துபோன ரவுட்டர் ஒன்று இருக்கிறது.


பேட்டர்ன் அங்கிள் | ஞாயிறு, காலை 9.30

வா. கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுக்கலாம்.


சைட் கார்பெண்டர் | ஞாயிறு, மதியம் 12.15

பொங்கோல் அண்ணே எழுதினதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். 30 டிகிரி என்றதும், “டிகிரியெல்லாம் எனக்குத் தெரியாது, உளியோட கனத்துக்குச் சரிவு நீளம் ரெண்டு மடங்கு இருக்கணும்” என்கிறார். இது சரியா?

அங்கிள், நாலு மணிக்கு வருகிறேன்.


ஈரப்பதம் | ஞாயிறு, மதியம் 12.40

சரிவு நீளம் கனத்தைப் போல இரண்டு மடங்கு என்றால் சைன் அரை. கோணம் மிகச் சரியாக 30 டிகிரி. அப்பாவுக்குக் கோணமானி தேவையே இல்லை.


சைட் கார்பெண்டர் | ஞாயிறு, இரவு 9.55

போய்விட்டு வந்தேன். சைட்டில் ஆணி பிடுங்கிப் பல் விழுந்த உளி ஒன்றை எடுத்துப் போனேன். அங்கிள் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கல்லை எடுத்தார். ஒன்றரை மணி நேரம் ஆனது. ரப்பர் மரத் துண்டின் வெட்டுமுகத்தைச் சீவிக் காட்டினார், கையைத் தடவினால் மெழுகு மாதிரி. 230 அண்ணன் கறிபப் வாங்கி வந்திருந்தார்.

நடுவில் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். போனை டீ டப்பாவில் சாய்த்து, கல் தெரிகிற மாதிரி வைத்தேன். இருவரும் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். அப்புறம் அப்பா ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார், பத்து நிமிடம் இருக்கும். லைன் அறுந்துவிட்டதோ என்று போனை எடுத்தேன்.

“கல்லுல தண்ணி பத்தலடா” என்றார்.


பேட்டர்ன் அங்கிள் | திங்கள், காலை 5.12

தண்ணீர் குறைவுதான். அடுத்த ஞாயிறு வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.